மேடைக் கேள்வி–பதில்: ஒரு தேக்கரண்டி வெடிமருந்து

நாஜி வதைமுகாம்களுக்குள் கைதிகளே நடத்திய எதிர்ப்பை நாடகமாக்க விரும்பும் குழுக்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதங்களில் பாதிக்கு மேல், ஜெர்மனி ஆக்கிரமித்த போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமைப் பற்றியவை. அதனால் பதில்களும் அங்கேதான் அதிகம் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழுவில் எட்டுப் பெண்கள், நான்கு ஆண்கள். முகாமுக்குள் நடந்த கிளர்ச்சி ஒன்றை ஒரு மணி நேர நாடகமாக்க வேண்டும். எந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம்?

ஆயுதக் கிளர்ச்சி என்று தேடினால் மூன்று இடங்கள் உடனே வரும். டிரெப்லிங்கா, 1943 ஆகஸ்ட் 2. சோபிபோர், 1943 அக்டோபர் 14. ஆஷ்விட்ஸ்–பிர்கெனாவ், 1944 அக்டோபர் 7. முதல் இரண்டும் கொல்வதற்காகவே கட்டப்பட்ட முகாம்கள்.

சோபிபோர் கதைக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. சோவியத் செம்படை அதிகாரி அலெக்சாண்டர் பெச்செர்ஸ்கி, லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லர் என்ற இரு கைதிகள் போட்ட திட்டப்படி, முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் அதிகாரிகளைத் தையற்கூடத்துக்கும் செருப்புக்கூடத்துக்கும் "அளவு பார்க்க" என்று தனித்தனியாக வரவழைத்து, மாலை நான்கு மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கொன்றார்கள். விறுவிறுப்பான கதைதான். ஆனால் மேடையில் அது ஆண்களின் கதை. கடைசியில் நூற்றுக்கணக்கானோர் வேலியை நோக்கி ஓட வேண்டும். பன்னிரண்டு பேரை வைத்து அந்த ஓட்டத்தைக் காட்டினால் பள்ளி விளையாட்டு விழா போலாகிவிடும்.

உங்கள் குழுவுக்குப் பொருந்துவது ஆஷ்விட்ஸ் வெடிமருந்துப் பெண்களின் கதை. முகாமை ஒட்டி யூனியன் என்ற நிறுவனத்தின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. பீரங்கிக் குண்டுகளுக்கான ஃபியூஸ்கள் அங்கே தயாராயின. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கைதிகள், அவர்களில் பலர் பெண்கள். பன்னிரண்டு மணி நேரப் பகல் ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்ட். உள்ளே ஒரு சின்ன அறையில் சில பெண்கள் வெடிமருந்துத் தூளை அச்சில் போட்டு வில்லையாக அழுத்துவார்கள். அந்த அறையிலிருந்து மருந்து மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியே போனது. இதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் நால்வர்: ரோஸா ரொபோட்டா, அலா கெர்ட்னர், ரெஜினா சஃபிர்ஷ்டைன், எஸ்துசியா வைட்ஸ்ப்ளூம். எஸ்துசியாவின் தங்கை ஹன்னாவும் அந்தச் சங்கிலியில் இருந்தாள், உயிர் பிழைத்தாள்.

நான்கு பெரிய பெண் பாத்திரங்கள், ஒரு பதினாறு வயதுத் தங்கை, ஓர் அச்சு இயந்திரம், ஒரு வரிசை. இவ்வளவு போதும். ஓட்டமும் கூட்டமும் தேவைப்படாத கதை இது. நாடகத்தின் பதற்றம் முழுவதும் கைகளில்தான் இருக்கிறது.

கேள்வி: மருந்து உண்மையில் எப்படிக் கை மாறியது? காட்சிகளாகப் பிரிக்க உதவும்படி சொல்லுங்கள்.

நான்கு கண்ணிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கண்ணி மருந்து அறை. ரெஜினா அங்கே மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த கைதி; எஸ்துசியா அச்சில் வேலை. மருந்து கரும் சாம்பல் நிறம், கல்லுப்பைப் போன்ற மணி. கழிவோடு போக வேண்டிய தூளில் கொஞ்சம் ஒதுக்கப்படும். ஒரு நாளில் ஒருத்தியால் எடுக்க முடிந்தது ஓரிரு தேக்கரண்டிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டி 5 மில்லி லிட்டர் என்றால், 250 மில்லி டப்பா ஒன்றை நிரப்ப ஐம்பது தேக்கரண்டி வேண்டும். வசனத்தில் எங்காவது இந்தக் கணக்கு வந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கரண்டியின் விலையும் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தொழிற்சாலைக்குள் நடமாட்டம். மருந்து அறைக்குள் மற்றவர்கள் போக முடியாது. வெளியே வேலை செய்யும் ஹன்னா போன்றவர்கள் குப்பை எடுக்கும் சாக்கில் அருகே வந்து வாங்கிப் போவார்கள். துணித்துண்டிலோ காகிதத்திலோ சிறு முடிச்சாகக் கட்டி, தலைத்துணி முடிச்சிலும் உடைக்குள்ளும் மறைத்தார்கள். வழியில் திடீர்ச் சோதனை என்றால் முடிச்சை அவிழ்த்துத் தரையில் கொட்டிக் காலால் தேய்த்துவிடுவது வழக்கம். இந்த ஒரு செய்கைக்கே ஒரு முழுக் காட்சி ஒதுக்கலாம். மூன்று நாள் உழைப்பு மூன்று விநாடியில் மண்ணோடு போகிறது. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

மூன்றாவது கண்ணி அலாவும் ரோஸாவும். தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த அலாவுக்கு ரோஸாவுடன் முன்பே பழக்கம். ரோஸாவுக்கு ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் உடைக் கிடங்கில் வேலை. அந்த இடம் தகனக் கூடங்களுக்குப் பக்கம்.

நான்காவது சோண்டர்கமாண்டோ ஆண்கள். தகனக் கூடங்களில் பிணங்களைக் கையாளக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் இவர்கள். ரோஸாவிடமிருந்து மருந்து இவர்களுக்குப் போனது. கைதிகளில் ரஷ்யர் ஒருவர் சிறு தகர டப்பாக்களில் அதை அடைத்துக் கைகுண்டு செய்தார்.

எழுதும்போது பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நான்கு பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் தீட்டுவதாக எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால் சங்கிலி முழுவதும் ஒரே நாளில் அறுந்திருக்கும். ஒவ்வொருத்திக்கும் அடுத்த கண்ணி மட்டுமே தெரியும் என்ற விதியை எழுதுகிறவர் மீறக் கூடாது. பிடிபட்டபின் விசாரணையில் ரோஸா காத்த மௌனத்துக்கு அர்த்தம் கிடைப்பதே இந்த விதியால்தான்.

கேள்வி: மேடையில் வெடிமருந்துக்கு எதைப் பயன்படுத்துவது? கரித்தூளை முயன்றோம், எல்லார் முகமும் கறுத்துவிட்டது.

கரித்தூள் கைக்கு ஒட்டும், கையிலிருந்து முகத்துக்கும் உடைக்கும் போகும், விளக்கு வெளிச்சத்தில் புகையாகப் பறக்கும், மூச்சிலும் ஏறும். கறுப்புச் சாயம் போட்ட மைதா அதைவிட மோசமாகப் பறக்கும். கடுகைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களும் உண்டு. சிந்தினால் தரையில் உருளும், மரக்கட்டைச் செருப்பு போட்ட நடிகை அதில் கால் வைத்தால் நேராக மருத்துவமனைதான்.

ரவைதான் நல்லது. 200 கிராம் ரவையை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டி கறுப்பு உணவுச் சாயத்தை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, தட்டில் பரப்பி நிழலில் ஒரு நாள் காயவிட்டு, உள்ளங்கையால் உதிர்த்துச் சல்லடையில் சலித்து எடுங்கள். சாம்பல் நிறம் வரும். மணி கண்ணுக்குத் தெரியும், பறக்காது, ஈரக் கையில் மட்டும் லேசாக ஒட்டும். 200 கிராம் பல காட்சிகளுக்குக் காணும். மழைக்காலத்தில் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் கட்டி கட்டியாகும், வண்டும் வரும்.

ஆனால் ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு இந்தத் தூள் தெரியவே தெரியாது. அதனால் ஓசையை நம்புங்கள். மேசைமேல் 30 செ.மீ. × 20 செ.மீ. தகரத்தட்டு ஒன்றைப் பதித்து, அடியில் தட்டின் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் மைக் ஒட்டிவிட்டால், தூள் விழும் 'சர்' என்ற ஓசை அரங்கம் முழுவதும் கேட்கும். மைக் இல்லாத அரங்கில் தட்டை மட்டும் வைத்து, அந்த நேரத்தில் மற்ற எல்லா அசைவையும் நிறுத்துங்கள்.

முடிச்சுத் துணி 10 செ.மீ. சதுரம். வெளிர் நிறமாக இருக்கட்டும். துணியில் கொட்டி, மூலைகளைச் சேர்த்து, முறுக்கி, தலைத்துணிக்குள் செருகும் முழுச் செய்கையையும் ஒரே ஒரு முறை மேடை முன்விளிம்பில் நின்று காட்டினால் போதும். அடுத்த முறை துணியைச் செருகுவது மட்டும். அதற்கப்புறம் தலைத்துணியைச் சரிசெய்யும் கையசைவு மட்டும். மூன்றாவது தடவையிலேயே பார்வையாளர் அந்தக் கையசைவைப் படித்துவிடுவார்கள். பிறகு யார் தலையில் கை வைத்தாலும் அரங்கம் விறைக்கும்.

கேள்வி: தகனக் கூடத்தை வெடிவைத்துத் தகர்க்கும் உச்சக்காட்சிக்குப் பாதுகாப்பான வெடி, புகை ஏற்பாடு என்ன?

உச்சக்காட்சியையே மாற்றச் சொல்கிறோம். காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை.

1944 அக்டோபர் 7 அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: முகாமின் பொது எதிர்ப்பு அமைப்பு, செம்படை நெருங்கும் வரை காத்திருந்து முகாம் முழுவதும் ஒன்றாக எழ வேண்டும் என்று சொல்லி வந்தது. சோண்டர்கமாண்டோவுக்குக் காத்திருக்க நேரமில்லை. செப்டம்பரிலேயே அவர்களில் இருநூறு பேரைக் கொண்டுபோய்க் கொன்றிருந்தார்கள். அடுத்த பட்டியலும் வந்துவிட்டது. அன்று பிற்பகல் நான்காம் எண் தகனக் கூடத்தில் ஆட்களைப் பிரித்தெடுக்க வந்த எஸ்.எஸ். மீது கல்லும் சுத்தியலும் கோடரியும் பாய்ந்தன. கைதிகள் வைக்கோல் மெத்தைகளுக்குத் தீ வைத்தார்கள், கூடம் பற்றி எரிந்தது. புகையைப் பார்த்த இரண்டாம் எண் கூடத்து ஆட்கள் பொதுக் கிளர்ச்சியே தொடங்கிவிட்டது என்று எண்ணி வேலியை வெட்டி வெளியேறினார்கள். பக்கத்து ஊரான ரைஸ்கோவில் ஒரு களஞ்சியத்தில் பதுங்கியவர்களை எஸ்.எஸ். படையினர் அதற்குள்ளேயே வைத்துக் கொளுத்தினார்கள். சோண்டர்கமாண்டோவின் 663 பேரில் எஞ்சியது 212. எஸ்.எஸ். தரப்பில் இறந்தவர்கள் மூவர். நான்காம் கூடம் அதன்பின் இயங்கவே இல்லை.

ஆக, அந்தக் கூடம் எரிந்தது. சினிமாவில் வருவதுபோல் வெடித்துச் சிதறவில்லை. பெண்கள் அனுப்பிய மருந்தால் செய்த குண்டுகள் அன்று எவ்வளவு உதவின என்பதில் உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களே ஒத்துப்போவதில்லை. நாடகக்காரர்களுக்கு இது கசப்பான செய்தி. இத்தனை மாதக் கரண்டிக் கணக்குக்கு ஒரு பெரிய 'டமார்' வேண்டும் என்று மனம் கேட்கும். அந்த 'டமார்' வைத்தால் அதற்கு முன்னால் ஐம்பது நிமிடம் நீங்கள் காட்டியதெல்லாம் வெறும் முன்னுரையாகிவிடும். எதிர்ப்பு என்பது வெடித்ததில்தான் இருக்கிறது என்று ஆகிவிடும். அது இருந்தது கரண்டியில்.

நாங்கள் சொல்லும் வழி: கிளர்ச்சியைத் தொழிற்சாலைக்குள்ளிருந்தே காட்டுங்கள். பெண்கள் அச்சில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். தூரத்தில் சைரன். துப்பாக்கிச் சத்தம். யாரும் தலை தூக்கக் கூடாது. அச்சின் தாளம் மட்டும் ஒருத்தியிடம் தப்புகிறது.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பட்டாசு வேண்டாம். 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு மரப்பலகைகளை ஒரு முனையில் கீல் வைத்துப் பிணைத்து, விங்ஸுக்குப் பின்னால் அடித்தால் காதைப் பிளக்கும். பக்கச் சுவரை நோக்கி அடித்தால் தூரத்துச் சத்தம் கிடைக்கும். புகை கட்டாயம் வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஃபாக் மெஷின், அதுவும் சில விநாடிகள்தான். மூடிய சிறு அரங்கில் உலர்பனி வேண்டாம். கரியமில வாயு தரையோடு தேங்கும்; கீழே படுத்து நடிப்பவர்களுக்கு மூச்சு முட்டும். நச்சுவாயு அறையைப் புகை போட்டுக் காட்டும் எண்ணம் இருந்தால் அடியோடு கைவிடுங்கள்.

கேள்வி: கோடு போட்ட சீருடைக்குக் கடையில் கிடைக்கும் பைஜாமா துணி போதுமா? முத்திரை, எண்கள் எப்படி இருக்க வேண்டும்?

பளபளக்கும் பாலியெஸ்டர் பைஜாமாவில் நடிகை வந்து நின்றால் படுக்கையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். பருத்தி வாங்குங்கள். ஒரு நீண்ட அங்கிக்கு 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர். கோடு நீலமும் சாம்பலும், செங்குத்தாக. புதுத் துணியின் மிடுக்கைப் போக்க, 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் தேயிலைத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழியாமல் காயப்போடுங்கள். பாலியெஸ்டரில் இந்தச் சாயம் பிடிக்காது.

இதைவிடச் செலவு குறைந்த, வரலாற்றுக்கும் பொருந்திய வழி இன்னொன்று இருக்கிறது. சீருடைத் தட்டுப்பாட்டால் பல கைதிகளுக்குக் கொல்லப்பட்டவர்களின் பழைய சாதாரண உடைகளையே கொடுத்தார்கள். தப்பி ஓடினால் அடையாளம் தெரிய முதுகில் சிவப்பு எண்ணெய் வண்ணத்தில் கோடு அடித்தார்கள். அளவு பொருந்தாத பழைய கோட்டுகளைச் சேகரித்து முதுகில் சிவப்புப் பட்டை அடித்தால் போதும். பாதிப் பேருக்குக் கோட்டு, பாதிப் பேருக்குக் கோடு என்று கலந்தால் மேடையும் உயிர்பெறும்.

யூதக் கைதிகளின் முத்திரை 1944 நடுப்பகுதி வரை சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரட்டை முக்கோண நட்சத்திரம். பிறகு முக்கோணத்துக்கு மேல் மெல்லிய மஞ்சள் பட்டை. உங்கள் கதை அக்டோபர் 1944 என்றால் இரண்டாவது வகை. எண்ணைப் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும், இடது முன்கையில். கதையை வேறு முகாமுக்கு மாற்றினால் கையில் எண் எழுதாதீர்கள். வியர்வையில் அழியாத மேக்-அப் பென்சிலால் எழுதி, மேலே பவுடர் ஒற்றுங்கள்.

தலையை மழிக்கத் தேவையில்லை, தலைத்துணி இருக்கிறதே. காலணிக்குப் பழைய கான்வாஸ் ஷூவின் அடியில் 12 மி.மீ. பிளைவுட் ஒட்டி, குதிகால் பகுதியில் மட்டும் மெல்லிய ரப்பர் வையுங்கள். முழு அடியிலும் ரப்பர் ஒட்டினால் ஓசை செத்துவிடும். ஒட்டவே இல்லையென்றால் வழுக்கும். முதல் வார ஒத்திகையிலிருந்தே அதைப் போட்டு நடக்கட்டும். நடை, நிற்கும் விதம், திரும்பும் வேகம் எல்லாம் அதனால் மாறும். கடைசி நாளில் மாட்டிவிட்டால் வசனம் மறந்து காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கேள்வி: தலைஎண்ணும் காட்சி எங்கள் நாடகத்தில் சலிப்பாக இருக்கிறது என்கிறார்கள். வெட்டிவிடலாமா?

வேண்டாம், சுருக்குங்கள். கைதிகள் எப்போதும் ஐவர் ஐவராகத்தான் நிறுத்தப்பட்டார்கள். எண்ணுவதற்கு அது வசதி. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வாசலில் கைதிகளின் இசைக்குழு அணிவகுப்பு இசை வாசித்ததற்கும் இதுவே ஒரு காரணம். கால் ஒத்து நடந்தால் எண்ணுவது எளிது. எண்ணிக்கை தப்பினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், இறந்தவர்களின் உடல்களும் கணக்கில் சேர வேண்டும்.

நாடகத்தில் இந்தக் காட்சி மூன்று முறை வரட்டும். முதல் முறை ஒன்றேகால் நிமிடம், முழுவதும் மௌனம், எண்ணும் குரல் மட்டும். இரண்டாம் முறை நாற்பது விநாடி. ஒருத்தியின் தலைத்துணியில் முடிச்சு இருப்பது நமக்குத் தெரியும். மூன்றாம் முறை இருபது விநாடி, வரிசையில் வெற்றிடங்களோடு. சலிப்பு வருவது பெரும்பாலும் நீளத்தால் இல்லை. மூன்று முறையும் ஒரே மாதிரி இருப்பதால்தான்.

விளக்கை மேலிருந்து மட்டும் போடுங்கள். ஆறு 'பார்' (PAR) மேடை விளக்கு போதும். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒன்று, எஸ்.எஸ். பூட்ஸுக்கு. நீல ஜெலட்டின் பேப்பரைக் கண்ணில் காட்டாதீர்கள், துயரம் என்றாலே நீல விளக்கு என்பது பழகிப்போன நோய்.

கேள்வி: தூக்குத் தண்டனையை மேடையில் காட்டலாமா?

கயிறு வேண்டாம். கழுத்தில் சுருக்குப் போட்டு நடிப்பதில் உள்ள ஆபத்து ஒருபுறம். ஒத்திகையில் பத்து முறை சரியாக வந்தது பதினொன்றாவது முறை இறுகும். மறுபுறம், கயிறு மேலே போனதும் பார்வையாளர்கள் நடிகைக்கு என்ன பாதுகாப்பு ஏற்பாடு என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நடந்தது இது. கிளர்ச்சிக்குப் பிறகு பிடிபட்ட நால்வரும் முகாமின் சிறையான பதினொன்றாம் எண் பிளாக்கில் சித்திரவதை செய்யப்பட்டார்கள். 1945 ஜனவரி 6 அன்று இருவர் இருவராக, ஒரு முறை பகல் ஷிஃப்ட் பெண்கள் முன்னிலையிலும் மற்றொரு முறை இரவு ஷிஃப்ட் பெண்கள் முன்னிலையிலும் தூக்கிலிடப்பட்டார்கள். சிறையிலிருந்து ரோஸா அனுப்பிய கடைசிக் குறிப்பில் "தைரியமாகவும் உறுதியாகவும் இருங்கள்" என்ற பொருள்பட எபிரேய வாழ்த்து ஒன்று இருந்தது. முகாமைக் காலிசெய்து கைதிகளை நடத்திக்கொண்டு போனது ஜனவரி 17-18 தேதிகளில் தொடங்கியது. செம்படை வந்தது 27-ம் தேதி.

இரண்டு முறை நடந்தது என்பதை அப்படியே பயன்படுத்துங்கள். ஐவர் வரிசை இரண்டு. முதல் வரிசையிலிருந்து இருவர் முன்னே வந்து, பார்வையாளர்களைத் தாண்டி அரங்கின் நடுவழியே நடந்து வெளியேறுகிறார்கள். வரிசை இடத்தை நிரப்பாமல் நிற்கிறது. வேலை மணி, அச்சின் ஓசை, மறுபடியும் வரிசை, மறுபடியும் இருவர். வசனம் எதுவும் தேவையில்லை. அந்த எபிரேய வாழ்த்தை இந்த இடத்தில் முழக்கமாகச் சொல்ல வைக்காதீர்கள். அதற்கு முன்பே சிறைக் காட்சியில், எழுதப்படும் குறிப்பாக வந்துவிடட்டும்.

கேள்வி: சோண்டர்கமாண்டோவினர் நாஜிகளுக்கு உதவியவர்கள்தானே? அவர்களை நாயகர்களாகக் காட்டுவது சரியா?

'உதவி' என்ற சொல் இங்கே பொருந்தாது. மறுத்தால் அந்த இடத்திலேயே மரணம். தனியே அடைக்கப்பட்டு, பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதற்காகவே அவ்வப்போது கொல்லப்பட்டவர்கள் அவர்கள். அதற்காக நாயகர்களாகவும் ஆக்க வேண்டாம். அவர்கள் எழுதி வைத்ததைப் படித்தால் தங்களைத் தாங்களே எவ்வளவு கடுமையாக விசாரித்துக்கொண்டார்கள் என்பது தெரியும். கிளர்ச்சி நாளில் இறந்த சல்மன் கிராடோவ்ஸ்கி, யித்திஷ் மொழியில் எழுதியதைக் குடுவையில் அடைத்துத் தகனக் கூடத்தருகே புதைத்திருந்தார். 1945 மார்ச்சில் தோண்டி எடுக்கப்பட்டது. சல்மன் லெவெந்தால் எழுதியது 1962-ல் கிடைத்தது. 1944 ஆகஸ்டில் அவர்கள் ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களின் ஃபிலிம், பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே அனுப்பப்பட்டது.

எதிர்ப்பின் பட்டியலில் புதைத்த குடுவைக்கும் பற்பசைக் குழாய்க்கும் கோடரிக்குச் சமமான இடம் கொடுங்கள். உங்கள் நான்கு ஆண் நடிகர்களுக்கு இதுவே போதிய வேலை.

கேள்வி: ஸ்வஸ்திகா கொடி வைத்தால் கிராமத்துப் பார்வையாளர்கள் குழம்புகிறார்கள். என்ன செய்வது?

அதைத் தவிர்ப்பதே நல்லது. நம் ஊரில் அது கோலத்திலும் கணக்குப் புத்தகத்திலும் வரும் மங்கலச் சின்னம். நாஜிக் கொடியில் சிவப்பின் நடுவே வெள்ளை வட்டத்தில் 45 பாகை சாய்த்துக் கறுப்பில் இருக்கும். கடைசி வரிசைக்கு அந்தச் சாய்வு தெரியாது. எஸ்.எஸ். தொப்பியின் மண்டையோடும், காலரில் மின்னல் வடிவ இரட்டை எழுத்தும், பூட்ஸும் போதும். ஒரே ஒரு எஸ்.எஸ். நடிகர் இருந்தாலும் நாடகம் நடக்கும். ஒலிபெருக்கிக் குரலை வைத்துக்கொண்டு அவரையும் இல்லாமல் செய்யலாம்.

கேள்வி: பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்? ஜெர்மன் சொற்கள் வேண்டுமா?

கட்டளைகள் மட்டும் ஜெர்மனில். 'ஆப்பெல்' (தலைஎண்ணிக்கை), 'ஷ்னெல்' (சீக்கிரம்) போன்ற நான்கைந்து சொற்கள் போதும், விளக்கம் தேவையில்லை, தொனியே சொல்லிவிடும். மற்றதெல்லாம் வட்டாரம் தெரியாத எளிய பேச்சுத்தமிழ். முகாமில் போலிஷ், யித்திஷ், ஹங்கேரியன், கிரேக்கம் என்று பல மொழிகள் மோதின. ஆனால் அதைக் காட்ட நடிகைகளுக்கு வெளிநாட்டு உச்சரிப்பைப் பழக்க வேண்டாம், சிரிப்பு வரும். ஹன்னா எஸ்துசியாவை 'அக்கா' என்பது இயல்பு. 32 வயது அலாவை 23 வயது ரோஸா பெயர் சொல்லியே கூப்பிடட்டும். எல்லாரும் எல்லாரையும் அக்கா என்றால் உண்மையான அக்கா–தங்கை உறவு மங்கிப்போகும்.

கேள்வி: இப்படிப்பட்ட நாடகத்தில் சிரிப்புக்கு இடம் உண்டா?

கைதிகளே இடம் கொடுத்திருக்கிறார்கள். கைதியாக இருந்த பிரெஞ்சு இனவியலாளர் ஜெர்மேன் டில்லியோன், ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் 1944 அக்டோபரில் வேலைக்கு டிமிக்கி கொடுத்து ஒரு பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு ஓர் இசைநாடகம் எழுதினார். அதில் ஓர் இயற்கை அறிஞர், கைதிப் பெண்ணை ஒரு புது விலங்கினமாக வைத்து விரிவுரை நடத்துவார். மெட்டெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பாடல்களின் மெட்டு. முகாமில் அது மேடையேறவில்லை. பாரிஸின் ஷாத்லே அரங்கில் 2007-ல், அவருடைய நூறாவது வயதில், மேடையேறியது.

அந்தச் சிரிப்பு கைதிகள் தங்களையே பார்த்துச் சிரித்தது. உங்கள் நாடகத்திலும் அப்படியே இருக்கட்டும். எஸ்.எஸ். காவலரைக் கோமாளியாக்கினால் பயம் போய்விடும், பயம் போனால் கரண்டி மருந்துக்கு மதிப்பில்லை.

கேள்வி: உணவுக் காட்சிக்கு எவ்வளவு ரொட்டி?

அன்றாட ரேஷன் காலையில் அரை லிட்டர் 'காபி' என்ற கறுப்புத் தண்ணீர், மதியம் முக்கால் லிட்டர் சூப், மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, அதோடு 25 கிராம் அளவில் சாசேஜோ மார்கரினோ. கடையில் விற்கும் மென்மையான வெள்ளை ரொட்டி வேண்டாம். கோதுமை ரொட்டியை முந்தைய நாளே வாங்கித் திறந்து வைத்தால் கடித்து இழுக்க வேண்டியிருக்கும். வாயில் ரொட்டி இருக்கும்போது வசனம் வைக்காதீர்கள், புரை ஏறும்.

கேள்வி: ஏற்கெனவே எழுதப்பட்ட நாடகங்களைத் தமிழாக்கி நடத்த அனுமதி வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். ஜெர்மன் நாடகாசிரியர் பீட்டர் வைஸ் இறந்தது 1982, ஆகவே 2042 முடியும் வரை. ஆஷ்விட்ஸில் பணியாற்றியவர்கள்மீது நடந்த ஃபிராங்க்ஃபர்ட் வழக்கின் சாட்சியங்களைத் தொகுத்து அவர் எழுதி, 1965 அக்டோபர் 19 அன்று பல அரங்குகளில் ஒரே நாளில் மேடையேறிய 'விசாரணை' நாடகத்துக்கு அனுமதி தேவை. பெயரில்லாத ஒன்பது சாட்சிகள், பெயரோடு குற்றம் சாட்டப்பட்ட பதினெட்டுப் பேர். முகாமையோ நீதிமன்றத்தையோ செட் போட்டு மறுபடி உருவாக்கக் கூடாது என்று ஆசிரியரே சொல்லியிருப்பதால் செட் செலவு இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வெட்டுவதென்றால் அந்த வெட்டுக்கும் அனுமதி கேளுங்கள். டில்லியோன் 2008-ல் இறந்தார், அவருடையதற்கு 2068 வரை.

செக் நாட்டுத் தெரேசின் முகாமில் 1943-44-ல் விக்டர் உல்மான் இசையமைத்து, பீட்டர் கீன் எழுதிய 'அட்லாண்டிஸ் பேரரசன்' என்ற இசைநாடகம் வேறு நிலையில் இருக்கிறது. மரணமே வேலைநிறுத்தம் செய்வதுதான் கதை. ஒத்திகை வரை போய் நின்றுவிட்டது. இருவரும் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு இறந்தார்கள். முதல் மேடையேற்றம் 1975 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாமில். ஆசிரியர்கள் இறந்த பிறகே முதலில் வெளிவந்த படைப்பு என்பதால், இறந்த ஆண்டை மட்டும் வைத்து மூலத்தின் காப்புரிமை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதோடு, பிற்காலத்தில் பதிப்பித்த இசைக்குறிப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தனித்தனி உரிமை கொண்டவை. ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினால் அந்த மொழிபெயர்ப்பாளரின் அனுமதியும் வேண்டும்.

நுழைவுக் கட்டணம் இல்லாமல் அமெச்சூர் குழு நடத்தும் காட்சிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு நடத்துவதற்குத்தான். மொழிபெயர்ப்பதற்கு அதை நம்பாதீர்கள். பதிப்பகத்துக்கு எழுதும்போது அரங்கின் இருக்கை எண்ணிக்கை, காட்சிகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை, மொழி, எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள் என்ற ஐந்தையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். பதில் வரும் முன் சுவரொட்டி அச்சடிக்க வேண்டாம்.